பதினோராம் கேள்வி

1. பூட்டு உடைந்த லாச்சி

லண்டனில் ஓர் உள்ளூராட்சிக் கவுன்சிலின் சமத்துவப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு, இழுத்துத் திறக்கும் இரண்டு லாச்சி வைத்த மேசை ஒன்றைத் தந்தார்கள். மேல் லாச்சியின் பூட்டு உடைந்திருந்தது. ஆளை அனுப்பித் திருத்தித் தருவதாகச் சொன்னார்கள். நான் ஓய்வு பெறும்வரை அந்த ஆள் வரவில்லை. கவுன்சில் வேலை எப்படியிருக்கும் என்று கேட்கும் இளம் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

என் மனேஜர் மார்சியா. ஜமேக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். சிரித்தால் மூன்று அறை தாண்டிக் கேட்கும். கோபம் வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாள் மத்தியானம் கன்ரீனில் வைத்து அவர் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். "அப்பா இங்கே வந்த காலத்தில் 'அறை வாடகைக்கு' என்று எழுதிய அதே ஜன்னலில் 'கறுப்பர்கள் வேண்டாம்' என்றும் அட்டை தொங்கும். பிறகு சட்டம் வந்தது. அட்டையைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் அப்பா கதவைத் தட்டினால் 'நீங்கள் எந்த இடம்?' என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். பதிலைச் சொன்னதும், 'அடடா, அறை இப்போதுதான் போனது' என்பார்கள். சிவா, நீ அட்டையைத் தேடிக்கொண்டு திரியாதே. அது போய்விட்டது. கேள்வியைத் தேடு."

நான் அதை என் குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். படிப்பில் நான் கெட்டிக்காரன்.

பாராளுமன்றம் போடும் சட்டம் கவுன்சிலுக்கு வந்து சேரும்போது ஒரு படிவமாகத்தான் இருக்கும். அந்தப் படிவத்தை எழுதுவதும், அதை எப்படி நிரப்புவதென்று மற்ற ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலை. பயிற்சி வகுப்பில் அமெரிக்காவிலிருந்து தொடங்குவேன். உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பின்னும் தென் மாநிலங்கள் வெள்ளை, கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களை ஒன்றாக்காமல் எத்தனை வருடம் இழுத்தடித்தன என்று சொல்லுவேன். பிறகு ஒரு படம் காட்டுவேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தண்ணீர்க் குழாய்கள், வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. வகுப்பு அப்படியே அடங்கிப்போகும். சிலர் தலையில் கை வைப்பார்கள். அந்த நிமிடம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தப் படத்தைக் காட்டுவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்று இப்போது வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

2. என் சாதனை

எங்கள் பகுதியில் தனியாக வாழும் தமிழ் முதியவர்கள் பெருகிக்கொண்டு வந்தார்கள். காலையில் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுக்கக் கவுன்சில் ஒரு ஏஜென்சி மூலம் ஆள் அனுப்பும். அந்த ஆட்களைக் கேரர் என்போம். வருகிற கேரருக்குத் தமிழ் தெரியாது, முதியவருக்கு ஆங்கிலம் வராது. ஒரு அம்மா தலையிடி என்று மூன்று நாள் கையால் காட்டியும் ஒருவருக்கும் விளங்கவில்லை.

தமிழ் முதியவருக்குத் தமிழ்க் கேரர் என்ற திட்டத்தை எழுதியவன் நான்தான். அதற்கென ஒரு படிவமும் செய்தேன். முதியவரும் நிரப்ப வேண்டும், கேரரும் நிரப்ப வேண்டும். மொழி, சமயம், சாப்பாடு மரக்கறியா மச்சமா, பிடித்த பாட்டு. பதினோராவது கேள்வி: சொந்த ஊர்.

மார்சியா கேட்டார். "ஊர் எதற்கு?"

"இரண்டு யாழ்ப்பாணத்தார் சந்தித்தால் முதலில் கேட்பது அதைத்தான். ஊர்க்கதை தொடங்கிவிட்டால் நோயாளிக்குப் பாதி வருத்தம் போய்விடும்" என்றேன்.

அவருக்கு அது அழகாகப் பட்டது. எனக்கும்தான். வேலைக்கு வரும் கேரரின் படம், பெயர், ஊர் எல்லாம் அச்சடித்த ஒரு தாள் முதல் நாளே முதியவர் கையில் இருக்கும்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதியவர்கள் எல்லோரும் பதினோராம் கேள்வியை நிரப்பியிருந்தார்கள். கேரர்களில் சிலர் மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்கள். அறிக்கை அரைகுறையாக நிற்கிறதே என்று எனக்கு எரிச்சல். கணினிப் பிரிவில் சொல்லி அதைக் கட்டாயக் கட்டமாக்கினேன். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

வெறுமையாக விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று நான் யோசிக்கவில்லை என்று சொன்னால், அது பொய். அந்தக் கட்டடத்தில் அந்தக் கேள்வி என்ன செய்யும் என்று தெரிந்த ஒரே ஆள் நான். எங்கள் ஆட்களுக்கு ஊர் தெரிந்தால் அடுத்தது ஊரில் எந்தப் பக்கம், அதற்கடுத்தது தகப்பன் பெயர். மூன்றாவது பதிலில் சாதி தெரிந்துவிடும். அந்த மூன்று கேள்விகளாலும் ஒருநாளும் நோகாத வீட்டில் பிறந்தவன் நான். எனக்கு அது சும்மா ஊர்க்கதை.

திட்டத்துக்கு விருது கிடைத்தது. மேயரோடு நின்று படம் எடுத்தேன்.

3. இரண்டு தாள்

ரஜனி என் மேசைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. ஜெர்மனியில் இருந்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்தவர். ஏஜென்சியில் கேரராக வேலை செய்தார். குளிர் ஜாக்கெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, கொப்பியிலிருந்து கிழித்த இரண்டு தாளை மேசையில் வைத்தார். இரண்டு பக்கமும் தமிழில் நெருக்கி எழுதியிருந்தது.

"அண்ணை, நீங்கள் தமிழ் எண்டபடியாத்தான் வந்தனான். வெள்ளைக்காரரிட்டச் சொன்னா அவைக்கு இது விளங்காது."

"சொல்லுங்கோ, என்ன நடந்தது?"

அவர் வேலை செய்த வீடு ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபருடையது. எல்லோரும் அவரைப் போஸ்ட்மாஸ்டர் ஐயா என்பார்கள். மனைவி இல்லை. ஒரே மகன் கனடாவில்.

"முதல் நாள் போகேக்க என்ர தாளைக் கையில வச்சிருந்தவர். ஊரை வாசிச்சிட்டு, ஊரில எந்தப் பக்கம் எண்டார். சொன்னன். ஆற்ற மகள், தகப்பன் ஆர் எண்டார். அதையும் சொன்னன். அதுக்குப் பிறகு ஒண்டும் கதைக்கேல்லை. அடுத்த நாள் போனா, குசினி வாசலில ஒரு கதிரை குறுக்க வச்சிருக்கு. சமையலுக்கு வேற ஆள் வருமாம். நான் குளிக்க வார்த்து உடுப்பு மாத்திவிட்டாக் காணுமாம். ஜன்னலடியில ஒரு பைக்கட் கடுதாசிக் கப். எனக்குத் தண்ணி விடாய்ச்சா அதில குடிக்கட்டாம்."

நான் பேனையைக் கையில் பிடித்தபடி இருந்தேன். ஒன்றும் எழுதவில்லை.

"அவரைக் கழுவித் துடைக்க என்ர கை காணும் அண்ணை. ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுக்கத்தான் இந்தக் கை கூடாது" என்றார்.  அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏஜென்சியில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்த ஆங்கிலேயப் பெண் கணினியைப் பார்த்து, "வாடிக்கையாளர் விருப்பம்" என்று போட்டு, ஆளை மாற்றிவிட்டார். ஒரு மாதத்துக்குள் இன்னும் இரண்டு தமிழ் வீடுகள் ரஜனி வேண்டாம் என்றன. இப்போது அவருக்கு மூன்று பஸ் மாறிப் போகும் தூர இடங்களில் துண்டு துண்டாக ஷிப்ட்.

"நான் என்ன செய்யோணும் எண்டு நினைக்கிறியள்?" என்று கேட்டேன்.

"அவர் என்னட்ட மன்னிப்புக் கேக்க வேண்டாம். அவருக்கு வயசு போட்டுது. இப்பிடி நடந்தது எண்டு கவுன்சில் ஒரு இடத்தில எழுதோணும். அவ்வளவுதான். நாளைக்கு என்ர பிள்ளையள் இதுக்குள்ள மாட்டுப்பட்டா, முந்தியும் நடந்திருக்கு எண்டு காட்ட ஒரு பேப்பர் இருக்கோணும். நீங்கள் எழுதினா நம்புவினம்."

"நான் பாக்கிறன்" என்றேன். எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பென்று அவருக்குத் தெரியாது.

4. பூப்போட்ட கோப்பை

விசாரிக்க நானே போனேன். போஸ்ட்மாஸ்டர் ஐயா கம்பளிச் சட்டையோடு ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தார். மெலிந்த மனிதர், நல்ல பேச்சு. கவுன்சில் அட்டையைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

"நீர் எந்த ஊர்?"

சொன்னேன்.

"ஆற்ற மகன்?"

அதையும் சொன்னேன். அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் பதில் சொல்லியிருக்கக் கூடாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

முகம் மலர்ந்துவிட்டது. "உம்மட அப்பாவை எனக்கு நல்லாத் தெரியுமே! தங்கமான மனிசன். முதலே சொல்லியிருக்கலாமே. பிள்ளை, தம்பிக்கு ஒரு தேத்தண்ணி கொண்டு வாரும்" என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்தார். புதிதாக வந்த கேரர் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் தேநீர் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பிஸ்கட்டும்.

நான் ரஜனியின் விஷயத்தைக் கேட்டேன்.

"நான் அந்தப் பிள்ளையைக் குறைச்சு ஒரு சொல்லுச் சொல்லேல்லை தம்பி. குசினிக்குள்ள மட்டும் வேண்டாம் எண்டனான். சாமிப் படம் அங்கதானே இருக்கு. வயசு போன காலத்தில என்னை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்? உமக்குத் தெரியாததே?"

ஜன்னலடியில் அந்தக் கடுதாசிக் கப் பைக்கட் இருந்தது. பாதி முடிந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். பிறகு நான் தேநீரைக் குடித்தேன். சூடாக, நல்ல ருசியாக இருந்தது. இத்தனை வருடம் போயும் அந்த ருசி எனக்கு மறக்கவில்லை.

அலுவலகம் வந்து முறைப்பாட்டுப் படிவத்தைத் திறந்தேன். பாகுபாட்டின் வகை என்ன என்று கேட்டது. இனம், சமயம், பால், வயது, மாற்றுத்திறன் என்று பட்டியல். சாதி என்று ஒரு சொல் அதில் இல்லை. சட்டத்தில் இல்லாதது படிவத்தில் எப்படி வரும் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். ஆனால் பட்டியலின் அடியில் "மற்றவை" என்று ஒரு கட்டமும் இருந்தது. அதில் எதையும் எழுதலாம், நீளக் கட்டுப்பாடும் இல்லை. அந்தப் படிவத்தைச் செய்தவன் நான் என்பதால் அதுவும் எனக்குத் தெரியும்.

"ஊழியர் ஒருவர் இடமாற்றம் குறித்து முறையிட்டார். வாடிக்கையாளரின் தனிப்பட்ட விருப்பம். மேல் நடவடிக்கை தேவையில்லை." இவ்வளவுதான் எழுதினேன். ஒரு பிரதி ரஜனிக்குப் போனது. அவருடைய இரண்டு தாளையும் கோப்பில் சேர்க்காமல் பூட்டு உடைந்த லாச்சிக்குள் வைத்தேன். அவர் திரும்ப வரவில்லை. கொஞ்ச நாளில் ஏஜென்சி வேலையையும் விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

5. அரசாங்கம் கேட்டது

அதற்குப் பிறகு சில வருடம் கழித்து, சமத்துவச் சட்டத்தில் சாதியைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டுமா என்று அரசாங்கம் நாடு முழுவதும் கருத்துக் கேட்டது. எங்கள் கவுன்சிலின் பதிலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வேறு யாரிடம் வரும்?

செய்தி பரவிவிட்டது. கோயிலில் பழக்கமான ஒருவர் போன் எடுத்தார். "சிவா, வெள்ளைக்காரனுக்கு முன்னால எங்கட மானத்தை வாங்கிப்போடாதை. ஏற்கெனவே எங்களை அகதி எண்டுறான். இனி இதையும் சொல்லுவான்."

அவர் சொன்னதற்காகத்தான் பதிலை அப்படி எழுதினேன் என்று பழியைப் போட மாட்டேன். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. பதினோராம் கேள்வி வெளியே வரும், விருது வாங்கிய படம் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

மார்சியா என் மேசைக்கே வந்து நின்று கேட்டார். "சிவா, இது இங்கே நடக்கிறதா? எனக்குத் தெரிய வழியில்லை. உனக்குத்தான் தெரியும்."

"வயதானவர்களிடம் கொஞ்சம் இருக்கலாம். அது அந்தத் தலைமுறையோடு போய்விடும். நம் பகுதியில் ஆதாரம் எதுவும் இல்லை" என்றேன்.

அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு முழத்தில் அந்த லாச்சி. உள்ளே இரண்டு தாள்.

மார்சியா என்னை நம்பி ஒப்பமிட்டார். "ஆதாரம் இல்லை" என்று நான் எழுதிய வரி அரசாங்கத்துக்குப் போனது. கடைசியில், சட்டத்தில் தனியாக அந்தச் சொல் வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியாகக் கிடைக்கும் பாதுகாப்பே போதும் என்று அரசாங்கம் முடிவெடுத்தது. என் ஒரு வரியால்தான் அப்படி நடந்தது என்று நினைக்கிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனால் அந்தக் குவியலில் என் வரியும் கிடந்தது. தன் தகப்பனிடம் கதவடியில் கேட்ட அதே கேள்வியைத் தன் பிரிவில் இருந்தே நான் அச்சடித்துக் கொடுத்தேன் என்பது மார்சியாவுக்குத் தெரியாது. ஓய்வு பெற்று இரண்டு வருடத்தில் அவர் இறந்துவிட்டார். இறுதிச் சடங்கில் அவருடைய மகள் என் கையைப் பிடித்து, "அம்மா உங்களைப் பற்றி எப்போதும் பெருமையாகச் சொல்வார்" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

6. அடுத்த பக்கம்

போன மாரிக் குளிரில் என் மனைவி சாந்தா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும்போது ஆறு வாரத்துக்குக் கேரர் ஏற்பாடு செய்ய, லண்டனில் சட்டன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓர் ஆங்கிலேயப் பெண் வந்தார். கையில் டேப்லெட். நாங்கள் இப்போது வேறு கவுன்சில் என்றாலும் படிவம் பழக்கமானதாக இருந்தது. நல்ல படிவங்களைக் கவுன்சில்கள் ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளும்.

"பதினொன்று. சொந்த ஊர்?" என்றார்.

"அதை விட்டுவிட முடியாதா?" என்று கேட்டேன்.

அவர் திரையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மன்னிக்க வேண்டும், நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகாது. யாரோ நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஊர்க்கதை பேசினால் சுகம் வரும் அல்லவா?"

கட்டிலில் இருந்த சாந்தா என்னை முறைத்தாள். "ஊரைச் சொல்ல என்ன வில்லங்கம் உங்களுக்கு? எங்களுக்கு ஒளிக்க என்ன கிடக்கு?"

உண்மைதான். எங்களுக்கு ஒளிக்க ஒன்றும் கிடக்கவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி எனக்கு இத்தனை வருடமும் இனித்தது. அன்றைக்கு அந்தக் கட்டத்தில் சட்டன் என்று போடச் சொன்னேன். அவர் புரியாமல் போட்டார். அடுத்த பக்கம் வந்தது.

7. குட்மேய்ஸ்

ரஜனி கிழக்கு லண்டனில் குட்மேய்ஸில் கடை வைத்திருப்பதாக ஒருவர் மூலம் அறிந்து, சாந்தா நடக்கத் தொடங்கியதும் ஒரு சனிக்கிழமை போனேன். ரோல்ஸ், பற்றிஸ், தேநீர் விற்கும் சின்னக் கடை. வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். தலை நரைத்திருந்தது, மற்றபடி அதே முகம். என்னைக் கண்டதும் கை நின்றது.

"கவுன்சில் அண்ணை" என்றார்.

ஆட்கள் குறையும்வரை நின்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தேநீர் குடித்தது, லாச்சி, மார்சியா கேட்டது, அரசாங்கத்துக்கு எழுதிய வரி. ஓய்வு பெற்ற நாளில் லாச்சியிலிருந்து எடுத்து வைத்த இரண்டு தாளையும் கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். அவர் வாங்கித் தன் எழுத்தைப் பார்த்தார்.

"அப்ப நீங்கள் விளங்காம விட்டிட்டியள் எண்டு நினைச்சனான் அண்ணை. விளங்கித்தான் விட்டனீங்கள்."

"ஓம்" என்றேன்.

"அண்டைக்கு எழுதியிருந்தா மேலிடத்துக்குப் போயிருக்கும். இண்டைக்கு என்னட்ட வந்து சொல்லி என்ன? எனக்கு நடந்தது எனக்குத் தெரியும்தானே."

 அவர் தேநீர் ஊற்றி எனக்கு முன்னால் வைத்தார். கடுதாசிக் கப். அந்தக் கடையில் எல்லோருக்கும் அதுதான்.  இரண்டு கையாலும் எடுத்துக் குடித்தேன். காசு நீட்டினேன், வாங்கிக்கொண்டு மிச்சத்தை எண்ணித் தந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

இரண்டு கவுன்சிலுக்கும் நடந்ததை என் பெயர் போட்டு எழுதினேன். பதினோராம் கேள்வியை எடுத்துவிடும்படி கேட்டேன். அடுத்த மீளாய்வில் கவனிப்பதாக இரண்டும் மரியாதையாகப் பதில் போட்டிருக்கின்றன. அந்தப் பதிலின் வாசகத்தை நான் வேலையில் இருந்த காலத்தில் நானே எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

கவுன்சிலிலோ அரசாங்கத்திலோ வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மற்ற எவருக்கும் விளங்காத ஒன்று உங்களுக்கு மட்டும் விளங்கும் நாள் ஒன்று வரும். அந்த நாளில் நீங்கள் வாயை மூடினால், ஆதாரம் இல்லை என்றுதான் பதிவாகும். சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். "மற்றவை" என்ற கட்டம் எல்லாப் படிவத்திலும் இருக்கிறது.

கடையை விட்டு இறங்கும்போது, இதை எழுதலாமா என்று ரஜனியிடம் கேட்டிருந்தேன்.

"எழுதுங்கோ. ஆனா அண்டைக்கு எழுதின மாதிரி 'ஊழியர் ஒருவர்' எண்டு போடாதேங்கோ. எனக்குப் பேர் இருக்கு."

அவருடைய பெயர் ரஜனி. போஸ்ட்மாஸ்டர் ஐயாவைக் குளிப்பாட்டியவர் அவர்தான். அந்த வீட்டில் அவரைக் குசினிக்குள் போக விடவில்லை. இது நடந்தது, நான் சாட்சி. அவருடைய ஊரை மட்டும் நான் எழுதவில்லை.